பழைய ஃபிளாட்டை வாடகைக்குத் தயார் செய்ய: நாள்கூலியா, லேபர் கான்ட்ராக்டா, மொத்த கான்ட்ராக்டா?

1990களில் கட்டிய ஃபிளாட். 850 சதுர அடி, இரண்டு படுக்கையறை, இரண்டாம் மாடி, தலைக்கு மேல் மொட்டைமாடி. சென்னையில் நங்கநல்லூரிலிருந்து கொளத்தூர் வரை இந்த ரகம் விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கிறது. வாங்கிச் சரிசெய்து வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் பத்திரச் செலவு வரை பைசா சுத்தமாக எழுதிவிடுவார்கள். ரிப்பேர் என்ற வரியில் மட்டும் 'ஒரு மூணு லட்சம்' என்று உத்தேசமாக ஒரு தொகை நிற்கும். வேலை முடியும்போது அந்த வரிதான் இரண்டு மடங்காகிறது.

மூன்று கான்ட்ராக்டர்களை வரச்சொல்லிக் காட்டினால் ஒருவர் மூன்றரை, ஒருவர் ஐந்து, ஒருவர் ஏழு லட்சம் என்பார். முதலாமவர் நல்லவர், மூன்றாமவர் பேராசைக்காரர் என்று முடிவுகட்ட வேண்டாம். பூச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மூவரும் மூன்று விதமாக ஊகித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த ஊகம் தப்பினால் நஷ்டம் யார் தலையில் விழும் என்பதை வேலை கொடுக்கும் முறை தீர்மானிக்கிறது.

வழக்கத்தில் இருப்பவை நான்கு முறைகள். நாள்கூலிக்கு ஆள் வைப்பது. கூலியை மட்டும் ரேட் பேசி, சாமானை நீங்கள் வாங்கித் தரும் லேபர் கான்ட்ராக்ட். சாமானோடு சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு, ரன்னிங் அடிக்கு இவ்வளவு, பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசும் அளவு ரேட். எல்லாம் சேர்த்து ஒரே தொகைக்குப் பேசும் லம்ப்சம். வீடு முழுக்க ஒரே முறையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைப்பதில்தான் பெரும்பாலும் பணம் போகிறது. ஒரே ஃபிளாட்டுக்குள் சீலிங்குக்கு ஒரு முறையும் பெயின்டுக்கு வேறொரு முறையும் பொருந்தும்.

சீலிங்: லம்ப்சம் கூடவே கூடாது

சீலிங்கில் இரண்டு இடத்தில் காரை உப்பியிருக்கிறது. விரிசல், உள்ளே கம்பி ஓடும் கோட்டிலேயே நேராக ஓடுகிறது. கண்ணுக்குத் தெரிவது 20 சதுர அடிதான். சிறிய சுத்தியலால் சீலிங் முழுக்கத் தட்டிக்கொண்டே போனால், பொள்ளலாகச் சத்தம் கேட்கும் இடம் 45 சதுர அடி வரும். உளி வைத்து, துருப் பிடிக்காத கம்பி தெரியும்வரை உடைத்துக்கொண்டு போனால் 70 சதுர அடியில் போய் நிற்கலாம். சதுர அடிக்கு 450 ரூபாய் என்று ஒரு ரேட்டை வைத்துப் பாருங்கள்: கண்ணுக்கு 9,000, சுத்தியலுக்கு 20,250, உளிக்கு 31,500.

இதே வேலையை 25,000 ரூபாய்க்கு லம்ப்சமாகப் பேசியிருந்தால் உளி 70 சதுர அடிவரை போகாது. உடைக்க உடைக்க நஷ்டம் என்னும்போது யார் உடைப்பார்? துரு தெரிகிற இடத்திலேயே நிறுத்திப் பூசி, பட்டி பார்த்து, வெள்ளை அடித்துவிடுவார்கள். இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருக்கிறது. அந்த அழுத்தம்தான் கான்கிரீட்டைப் பிளக்கிறது. துருவை உள்ளே விட்டு மூடினால், ஒட்டுப்போட்ட இடத்தின் விளிம்பிலேயே ஓரிரு மழைக்காலத்தில் மறுபடி உப்பும். அப்போது கீழே குடியிருப்பவர் இருப்பார். காரை அவர் குழந்தை படுக்கும் கட்டிலில் விழும்.

அளவு ரேட்டில் இதற்கு நேரெதிர் ஆபத்து: அதிகமாக உடைத்தால் அவருக்கு அதிகப் பணம். ஆனால் இந்த ஆபத்தைக் கட்டுப்படுத்தலாம். தட்டிப் பார்க்கும்போது கூடவே நின்று, பொள்ளல் கேட்கும் இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக் கோடு போட்டு, டேப் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'இந்தக் கோட்டைத் தாண்டினால் உடைக்குமுன் போன் செய்ய வேண்டும்' என்று ஒப்பந்தத் தாளில் ஒரு வரி எழுதுங்கள். உடைத்து முடித்ததும், பூசுவதற்குமுன், மறுபடி அளவு. பூசிவிட்டால் அளப்பதற்கு ஒன்றுமில்லை.

ரேட் பேசும்போது எந்தெந்த வேலை அதில் அடங்கும் என்பதையும் எழுத வேண்டும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு, சுமார் 20 மி.மீ., கான்கிரீட்டை எடுப்பது. வயர் பிரஷ் போட்டுக் கம்பி பளபளக்கும்வரை துருவைத் தேய்ப்பது. தடிமனில் கால்வாசி போய்விட்ட கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி கட்டுவது, 8 மி.மீ. கம்பி என்றால் இரண்டு பக்கமும் 40 செ.மீ. ஒட்டு. ஜிங்க் பிரைமர். அதன்மேல், பழைய கான்கிரீட்டோடு புதுக்கலவையை ஒட்டவைக்கும் பாண்டிங் கோட். பிறகு லேடெக்ஸ் கலந்த 1:3 சிமெண்ட் கலவையை 10 முதல் 15 மி.மீ. கனத்தில் அடுக்கடுக்காக ஏற்றுவது. ஒரு மூட்டை சிமெண்டுக்கு லேடெக்ஸ் 5 லிட்டருக்குக் குறையக் கூடாது. இதில் அதிகம் தவறு நடக்கும் இடம் பாண்டிங் கோட். அது பிசுபிசுவென்று இருக்கும்போதே கலவையை அடிக்க வேண்டும். காலையில் கோட் அடித்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய் வந்து பூசினால், காய்ந்த கோட்டே கலவையைப் பிரிக்கும் படலமாகிவிடும். அடிக்காமல் பூசியிருந்தால்கூட அதைவிட நன்றாகப் பிடித்திருக்கும்.

உத்தரத்தில் இப்படிக் கம்பி தெரிந்தால் கான்ட்ராக்டரிடம் பேசுவதற்குமுன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். சீலிங் கெட்டதற்குக் காரணம் மேலே உள்ள மொட்டைமாடி என்றால், அந்த வேலை ஃபிளாட் உரிமையாளர் சங்கத்தினுடையது. வீட்டுக்குள் 31,500 செலவழித்துவிட்டு, மேலே பழைய சுர்க்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம்) தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தால் பயனில்லை. ஊறிய சுர்க்கியின்மேல் கூலிங் டைல்ஸ் பதிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஈரத்தை உள்ளே பூட்டி, ஸ்லாபுக்குப் பாரத்தையும் கூட்டுகிற வேலை அது. வாங்குமுன் சங்கத்தின் கையிருப்பு எவ்வளவு, மொட்டைமாடி வேலைக்குத் தீர்மானம் போட்டிருக்கிறார்களா என்று கேட்டுவிடுவது நல்லது.

பாத்ரூம்: ரேட்டும் சோதனையும்

பழைய ஃபிளாட்டில் அதிகம் ஏமாறும் இடம் பாத்ரூம். 5க்கு 7 அடி அறை, 7 அடி உயரத்துக்குச் சுவர் டைல் என்று எடுத்துக்கொண்டால், கதவு போகச் சுவர் 150 சதுர அடி, தரை 35. சேதாரம் பத்து சதவீதம் சேர்த்து 204 சதுர அடி டைல் வாங்க வேண்டும். இது எல்லாருடைய எஸ்டிமேட்டிலும் இருக்கும். இடிபாடு இருக்காது. பழைய டைலும் அதன் கலவையும் கிட்டத்தட்ட 28 கன அடி. பைப் ஓடுவதற்காகத் தாழ்த்திப் போட்ட சங்கன் ஸ்லாபுக்குள் கிடக்கும் செங்கல் ஜல்லி இன்னொரு 30 கன அடி. உடைத்ததும் உப்பி 80, 90 கன அடியாகும். சிமெண்ட் சாக்கில் கட்டினால் 80 மூட்டைக்குக் குறையாது. லிப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டு மாடி இறக்கி, வண்டி பிடித்து அனுப்ப வேண்டும்.

லம்ப்சமாகக் கொடுத்தால் இந்த 80 மூட்டை எங்கே போகும் தெரியுமா? பாதி, அதே பள்ளத்துக்குள். உடைத்த டைலையே சங்கனில் கொட்டி நிரப்பி மேலே கலவை போட்டால் இறக்குகூலியும் மிச்சம், நிரப்பும் சாமானும் மிச்சம். கூரான டைல் துண்டு வாட்டர்ப்ரூஃப் கோட்டைக் கிழிக்கும். எங்காவது ஒரு ஜாயின்ட் கசிந்தால் இந்த நிரப்பல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, கீழ் வீட்டு சீலிங்கில் ஓதமாக இறக்கும். எனவே இடிபாடு இறக்குவதையும் அனுப்புவதையும் தனி ஐட்டமாகப் பேசுங்கள். மூட்டைக் கணக்கில் கொடுத்தால் இன்னும் நல்லது. நிரப்புவதற்கு ஏ.ஏ.சி. பிளாக் துண்டு போன்ற லேசான சாமான் என்று எழுதுங்கள்.

வேலை நடக்க வேண்டிய ஒழுங்கு இது: சங்கன் ஸ்லாபை ஜல்லி இல்லாமல் சுரண்டி எடுத்து, மூலைகளில் கலவையை வளைவாகப் பூசி, வாட்டர்ப்ரூஃப் இரண்டு கோட். தரையிலிருந்து ஒரு அடி சுவரில் சுற்றிலும், ஷவர் மூலையில் 6 அடி உயரம்வரை. மொத்தம் சுமார் 90 சதுர அடி கோட்டிங். காய்ந்தபின், தண்ணீர் வெளியேறும் டிராப் வாயை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுவது. நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, கீழ் வீட்டுக்காரரிடம் சொல்லி அவர் சீலிங்கையும் பார்க்க வேண்டும். அதன்பிறகே பைப், நிரப்பல், கலவைத் தளம், மறுபடி ஒரு கோட், மறுபடி தண்ணீர். டைல் ஒட்டியபிறகு தண்ணீர் கட்டிக் காட்டுவது சோதனையே அல்ல. கசிந்தால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டுமே என்று பார்த்தவரும் பேசாமல் இருந்துவிடுவார். சுவருக்குள் போகும் சி.பி.வி.சி. (பிளாஸ்டிக் தண்ணீர் பைப்) லைனையும் பிரஷர் பம்ப் வைத்துச் சோதித்தபிறகே, அதற்காகச் சுவரில் வெட்டிய காடியை மூடவிடுங்கள்.

பாத்ரூமுக்குப் பொருந்துவது சாமானோடு அளவு ரேட். கோட்டிங் சதுர அடிக்கு, பைப் ரன்னிங் அடிக்கு, டைல் சதுர அடிக்கு, இடிபாடு மூட்டைக்கு. குழாய், கமோடு, ஷவர் மட்டும் நீங்களே வாங்கித் தருவது. பணம் கொடுப்பதைத் தண்ணீர் கட்டும் சோதனையோடு முடிச்சுப்போட்டுவிடுங்கள்: சோதனை தேறாமல் அடுத்த தவணை கிடையாது.

பெயின்டும் டைலும்: இங்கே லேபர் கான்ட்ராக்ட் ஜெயிக்கிறது

சுவரை முன்கூட்டியே அளக்கலாம். ஒளிந்திருக்க ஒன்றுமில்லை. 850 சதுர அடி வீட்டில் சுவரும் சீலிங்கும் சேர்த்துச் சுமார் 3,000 சதுர அடி, அதாவது 30 சதுரம். கூலியைச் சதுரத்துக்கு இவ்வளவு என்று பேசலாம். சாமான்: 40 கிலோ பட்டி மூட்டை ஒன்று இரண்டு கோட்டுக்கு 400 முதல் 500 சதுர அடி வரும், எனவே ஏழு மூட்டை. எமல்ஷன் லிட்டருக்கு இரண்டு கோட்டில் 110 சதுர அடி என்று வைத்தால் 27 லிட்டர். 20 லிட்டர் வாளி ஒன்று, 10 லிட்டர் வாளி ஒன்று.

சாமானோடு கொடுத்தால் இதே இடத்தில் என்ன ஆகும்? பட்டி இரண்டு கோட்டு ஒன்றரைக் கோட்டாகும். வாளிக்குள் தண்ணீர் கூடும். பெயின்ட் கம்பெனிகள் பெயின்டர்களுக்கு வாளிக்கு இவ்வளவு பாயின்ட் என்று கொடுக்கின்றன. எந்த பிராண்ட் நல்லது என்று பெயின்டர் சொல்லும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே வாங்கினாலும் காலி வாளியை அவருக்கே கொடுத்துவிடலாம், நல்லெண்ணம் மிஞ்சும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: பழைய சுண்ணாம்பையும் டிஸ்டெம்பரையும் சுரண்டி எடுப்பது. சுண்ணாம்பின்மேல் பட்டி வைத்தால் பட்டி சுண்ணாம்பைத்தான் பிடித்துக்கொள்ளும், சுவரை அல்ல. ஆறு மாதத்தில் அப்பளம்போல் பெயரும். சுரண்டும் கூலியைச் சதுர ரேட்டில் சேர்த்தே பேசுங்கள், பிறகு 'அது எக்ஸ்ட்ரா' என்ற பேச்சு வராது. ஓதம் இருக்கும் சுவருக்குப் பெயின்ட் மருந்தாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் பைப், பிறகு பூச்சு, காய்ந்தபிறகே பட்டி.

ஹாலிலும் அறைகளிலும் பழைய மொசைக் இருந்தால், அதை உடைக்காமல் மேலேயே டைல் ஒட்டலாம். இடிபாடு மிச்சம், ஒரு வாரம் மிச்சம். ஆனால் பழைய தரையை நாணயத்தால் தட்டிப் பார்த்து, பொள்ளல் உள்ள இடத்தை எடுத்துவிட வேண்டும். ஒட்டுவது டைல் அட்ஹெசிவில்தான், சிமெண்ட் பாலில் அல்ல. தரை 12 முதல் 15 மி.மீ. உயரும், எல்லாக் கதவின் அடியையும் அறுக்க வேண்டும். 10க்கு 12 அறைக்கு இரண்டுக்கு இரண்டு டைல், பெட்டிக்கு நான்கு என்றால், சேதாரத்தோடு ஒன்பது பெட்டி. ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி லாஃப்டில் போட்டுவையுங்கள். நான்கு வருடம் கழித்து அதே ஷேடு கடையில் கிடைக்காது.

வயரிங் தனிச் சமாச்சாரம். எலக்ட்ரீஷியன் பாயிண்ட் கணக்கில் பேசுவார். எது ஒரு பாயிண்ட் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். டூ-வே சுவிட்ச் ஒன்றா இரண்டா என்பதில்தான் சண்டை வரும். விளக்குக்கு 1.5, 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 சதுர மி.மீ. காப்பர் வயர். வயரை நீங்கள் வாங்கித் தாருங்கள், கூலி பாயிண்டுக்கு. பழைய ஃபிளாட்டில் எர்த் வயர் இல்லாத லைன்கள் இருக்கும். அவற்றை அப்படியே விட்டுவிட்டு போர்டை மட்டும் மாற்றி அழகுபடுத்துவது வாடகைக்கு வருகிறவர் உயிரோடு விளையாடுவது. மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் போடுங்கள். காடி வெட்டிய இடத்தை யார் பூசுவது? எலக்ட்ரீஷியன் கொத்தனார் வேலை என்பார், கொத்தனார் எலக்ட்ரீஷியன் வேலை என்பார். ஒப்பந்தத்தில் ஒருவர் பெயருக்கு நேரே எழுதிவிடுங்கள்.

நாள்கூலி எப்போது?

நாள்கூலியை எல்லாரும் பயத்தோடு பார்க்கிறார்கள். நியாயம்தான், வேலை இழுத்தால் லாபம் அவருக்கு. ஆனாலும் இரண்டு இடத்தில் இதைவிட மலிவானது இல்லை. ஒன்று, ஆய்வுக்காக உடைப்பது: பத்திரம் முடிந்ததும் ஒரு கொத்தனார், ஒரு பெரியாள் இருவரையும் ஒருநாள் வைத்து, சந்தேகமான ஐந்தாறு இடத்தில் மட்டும் பூச்சை எடுத்துப் பாருங்கள். அந்த ஒருநாள் கூலி, கான்ட்ராக்டர்கள் ஊகிப்பதற்குப் பதிலாகக் கண்ணால் பார்த்து ரேட் சொல்ல வைக்கும். மூன்றரைக்கும் ஏழுக்கும் இடையிலான இடைவெளி அப்போதே சுருங்கும். இரண்டு, கடைசியில் மிஞ்சும் சில்லறை வேலைகள்: கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, ஸ்கர்ட்டிங் ஒட்டு. இவற்றுக்கு ரேட் பேசிக்கொண்டிருந்தால் பேசும் நேரமே அதிகம்.

விற்பவர் அனுமதித்தால், வாங்குமுன் மழைக்காலத்தில் ஒருமுறை வீட்டைப் பாருங்கள். அக்டோபர், நவம்பர் மழை எந்த இன்ஜினியரையும்விட நன்றாகக் காட்டிக்கொடுக்கும். புதுப் பெயின்ட் வாசனை அடிக்கும் சீலிங்கைப் பார்த்தால் சுத்தியலை இன்னும் கவனமாகத் தட்டுங்கள்.

மாத வாடகையும் கணக்கில் வரும்

4.5 லட்ச ரூபாய் வேலையில் லேபர் கான்ட்ராக்டில் சாமானை நீங்களே அலைந்து வாங்கி 55,000 ரூபாய் மிச்சம் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 22,000, மெயின்டனன்ஸ் 2,500 என்றால், வீடு காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் 24,500 போகிறது. டைலுக்கு ஒரு வாரம், பைப் ஃபிட்டிங் மறந்ததால் மூன்று நாள் என்று இரண்டு மாதம் இழுத்துவிட்டால் 49,000 அங்கேயே கரைந்தது. வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறு மட்டும் வந்து பார்ப்பவருக்கு லேபர் கான்ட்ராக்ட் சரிவராது. அவர் பாத்ரூம், சீலிங்கோடு பெயின்டையும் சாமானோடு அளவு ரேட்டுக்குக் கொடுத்துவிட்டு, கூடுதல் ரேட்டைத் தன் பயணச் செலவுக்கு ஈடாக நினைத்துக்கொள்வது உத்தமம். உள்ளூரில் இருந்து தினமும் அரைமணி நேரம் எட்டிப்பார்க்க முடிந்தவருக்கு நேர்மாறு.

எந்த முறையானாலும் மொத்த எஸ்டிமேட்டின்மேல் தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள். பூச்சை எடுத்துப் பார்த்தபிறகு போட்ட எஸ்டிமேட் என்றால் 10 சதவீதம் போதும். பார்க்காமல் போட்டது என்றால் 25 சதவீதம்கூடப் போதாமல் போகலாம்.

பில், ஜி.எஸ்.டி., வரி

'பில் வேண்டாம் என்றால் குறைத்துக்கொள்கிறேன்' என்பார்கள். பதிவு பெற்ற கான்ட்ராக்டர் சாமானோடு செய்யும் வேலைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி.; 4 லட்சத்துக்கு 72,000. குடியிருப்பு வாடகைக்கு விடும் உரிமையாளரால் இதைத் திரும்ப எடுக்க முடியாது. மறுபக்கம் என்ன கிடைக்கிறது? வாடகை வருமானத்தில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் கழிவு உண்டு. ரிப்பேருக்கு ஒரு ரூபாய் செலவழித்தாலும், ஐந்து லட்சம் செலவழித்தாலும் அதே 30தான். பெயின்ட் பில்லைக் காட்டி வாடகை வரியைக் குறைக்க முடியாது.

பில் பயன்படுவது விற்கும்போது. வீட்டின் மதிப்பை நிரந்தரமாக உயர்த்தும் வேலைகள், அதாவது புதிதாகக் கட்டிய அறை, முழுவதும் மாற்றிய வயரிங் போன்றவை, மேம்பாட்டுச் செலவாக லாபத்திலிருந்து கழியும். வெள்ளையடிப்பு கழியாது. 24 மாதத்துக்குமேல் வைத்திருந்து விற்றால் வரி 12.5 சதவீதம் என்பதால், ஏற்கத்தக்க 4 லட்சம் செலவுக்கு மிச்சம் 50,000. எனவே வரிச் சேமிப்புக்காக மட்டும் ஜி.எஸ்.டி. கட்டுவது லாபமல்ல. ஆனால் லேபர் கான்ட்ராக்டில் நீங்கள் கடையில் வாங்கும் சாமானின் விலைக்குள் வரி ஏற்கெனவே இருக்கிறது, பில்லும் உங்கள் பெயரிலேயே வருகிறது. பதிவு பெறாத சிறு மேஸ்திரிக்குக் கூலியை வங்கி வழியாகக் கொடுத்து, வேலை விவரத்தோடு ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் அந்தப் பக்கமும் பத்திரம். இது லேபர் கான்ட்ராக்டுக்கு அதிகம் பேசப்படாத சாதகம்.

கடன் வாங்கி ரிப்பேர் செய்தால் வாடகைக்கு விட்ட வீட்டின் வட்டி அந்த வாடகையிலிருந்து கழியும். புதிய வரிமுறையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வட்டி வாடகையைத் தாண்டிப் போனால், அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

கட்டடமே முப்பது, முப்பத்தைந்து வருடத்தைத் தாண்டியிருந்து, இடித்துக் கட்டும் பேச்சு சங்கத்தில் எழுந்திருந்தால் இந்த ஒப்பீடே வேறாகிவிடும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022-ன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். அப்படிப்பட்ட கட்டடத்தில் மார்பிள் தரை போட்டு என்ன பயன்? உங்கள் கணக்கு நிலப் பங்கைப் பற்றியது. வயரிங், சீலிங், பாத்ரூம் கசிவு ஆகிய ஆபத்தானவற்றை மட்டும் அளவு ரேட்டில் சரிசெய்து, ஒரு கோட் பெயின்ட் அடித்து வாடகைக்கு விட்டுவிடுங்கள்.

பணம் கொடுக்கும் வரிசை எல்லா முறைக்கும் ஒன்றுதான்: அட்வான்ஸ் 10, 15 சதவீதத்துக்குமேல் வேண்டாம், மீதி வேலை நிலையைப் பார்த்து, 'சனிக்கிழமை ஆச்சு, ஆளுக்குச் சம்பளம் தரணும்' என்பது வேலை நிலை ஆகாது. வாட்டர்ப்ரூஃப் வேலையில் மட்டும் 10 சதவீதம் பிடித்துவைத்து, முதல் வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். சின்ன மேஸ்திரிகள் இதற்கு இறங்கிவர மாட்டார்கள். அப்போது 5 சதவீதத்துக்குப் பேசிப்பாருங்கள். அதற்கும் மறுப்பவரிடம் பெயின்ட் வேலையைக் கொடுங்கள், பாத்ரூமை வேறொருவரிடம்.